ஹோம் லோன் முடிக்கிறப்ப பிடிச்ச 60,673 ரூபாய்: திரும்ப வந்தது எவ்வளவு, வராம போனது எவ்வளவு

இது 2024ல நான் கூட இருந்து பாத்த ஒரு கேஸ், லோனை முன்கூட்டி முடிச்சதுக்குக் கம்பெனி பிடிச்ச சார்ஜைத் திரும்பக் கேட்டது. நான் திருப்பூர்ல ஒரு ஆடிட்டர் ஆபீஸ்ல வேலை பாக்கறேன். சம்பந்தப்பட்டவங்க சம்மதத்தோடதான் எழுதறேன், அவங்க பேரும் கம்பெனி பேரும் வேணாம்னு விட்டுட்டேன். இதுல ஒரு இடத்துல தப்பு என்னோடது, அதையும் மறைக்காம எழுதியிருக்கேன்.

பின்னணி

லோன் வாங்கினவரு சின்னதா ஒரு அயர்னிங் யூனிட் வச்சிருக்காரு, பனியன் கம்பெனிகளுக்கு ஜாப் ஒர்க். வீட்டுக்காரம்மா பிரைவேட் ஸ்கூல் டீச்சர். 2019 ஆகஸ்ட்ல ஒரு ஹவுசிங் ஃபைனான்ஸ் கம்பெனியில ரெண்டு பேரும் சேர்ந்து 28 லட்சம் லோன் வாங்கி வீடு வாங்கினாங்க. பேங்க்ல ஏன் போகலன்னு கேட்டா, ஜாப் ஒர்க் வருமானத்துக்கு மூணு வருஷ ரிட்டர்ன் இல்ல, பேங்க்ல இழுத்தடிச்சாங்க, இங்க பத்து நாள்ல சாங்ஷன் ஆயிருச்சு. திருப்பூர்ல பாதிப் பேர் கதை இதுதான்.

லோன் 20 வருஷம், அதாவது 240 மாசம். முதல் 36 மாசம் 8.75 சதவீதம் ஃபிக்ஸட், அதாவது மாறாத ரேட், அதுக்கப்புறம் பிஎல்ஆர்ங்கற கம்பெனியோட அடிப்படை வட்டி ரேட்டை ஒட்டி ஏறி இறங்கற ஃப்ளோட்டிங். இஎம்ஐ 24,744 ரூபாய். இந்த மாதிரி முதல்ல கொஞ்ச வருஷம் ஒரு ரேட், அப்புறம் வேற ரேட்னு வர்றதை டூயல் ரேட் லோன்னு சொல்வாங்க. வாங்கறப்ப அந்த வார்த்தை அவங்க காதுல விழுந்ததா ஞாபகமே இல்லைங்கறாங்க.

2022 மே மாசத்துல இருந்து ஆர்பிஐ, பேங்குகளுக்குக் கடன் குடுக்கற ரெப்போ ரேட்டை ஏத்த ஆரம்பிச்சு 4ல இருந்து 2023 பிப்ரவரிக்குள்ள 6.5க்கு கொண்டு போச்சு. இவங்க லோன் ஃப்ளோட்டிங்குக்கு மாறினது 2022 செப்டம்பர், சரியா ஏத்தத்துக்கு நடுவுல. 9.30, அப்புறம் 9.80, 2023 ஏப்ரல்ல இருந்து 10.40. இஎம்ஐ மட்டும் அதே 24,744, அதனால இவங்களுக்கு ஒண்ணும் உறைக்கல, மாசாமாசம் அக்கவுண்ட்ல இருந்து அதே தொகைதான் போகுது. கம்பெனி காலத்தை நீட்டிக்கிட்டே போயிருக்கு. 2023 டிசம்பர்ல ஸ்கூல்ல கூட வேலை பாக்கற இன்னொரு டீச்சர் சொல்லி இவங்க லோன் கட்டற ஷெட்யூலை எடுத்துப் பாத்தா, 2039ல முடிய வேண்டிய லோன் 2046ல முடியும்னு இருக்கு. நாலு வருஷத்துக்கு மேல கட்டிட்டு, ஆரம்பிச்சப்ப இருந்ததை விட அதிக மாசம் பாக்கி. "ஏனுங்க சார், கட்டக் கட்ட வளருமுங்களா லோனு"ன்னு அவரு பின்னாடி என்கிட்ட கேட்டாரு, சிரிக்கவும் முடியல.

ஒரு பொதுத்துறை பேங்க்ல இந்த லோனை 8.60 சதவீதத்துக்கு எடுத்துக்கறோம்னு சொன்னாங்க. மிச்சமிருந்த 187 மாசத்துலயே முடிக்கணும்னா இஎம்ஐ சுமார் 25,000. இஎம்ஐல இருநூத்து சொச்சம் அதிகம், காலத்துல 80 மாசம் கம்மி. இதுல யோசிக்க ஒண்ணுமில்ல, மாத்தறதுன்னு முடிவு பண்ணினாங்க.

லோன் முடிச்ச அன்னிக்கு நடந்தது

2024 ஜனவரி கடைசியில, லோனை முன்கூட்டி முடிக்க எவ்வளவு கட்டணும்னு சொல்ற ஃபோர்குளோஷர் லெட்டர் கேட்டாங்க. 53 இஎம்ஐ கட்டின பிறகு அசல் பாக்கி 25,70,900 ரூபாய். அதுக்குக் கீழ மூணு வரி: ஃபோர்குளோஷர் சார்ஜ் 2 சதவீதம், 51,418. சிஜிஎஸ்டி 4,627.62. எஸ்ஜிஎஸ்டி 4,627.62. ஆக மொத்தம் 60,673 ரூபாய் 24 காசு.

பிராஞ்ச்ல போய்க் கேட்டிருக்காங்க. கவுண்டர்ல இருந்த தம்பி சிஸ்டத்தைப் பாத்துட்டு, "உங்களது ஃபிக்ஸட் லோன் சார், அதுவும் பேலன்ஸ் ட்ரான்ஸ்ஃபர், வேற பேங்குக்கு மாத்தறது, அதனால சார்ஜ் உண்டு"ன்னு சொல்லியிருக்காரு. மேனேஜரும் அதையேதான் சொன்னாரு, கூடவே இங்கயே இருந்தா கன்வெர்ஷன் ஃபீ கட்டி ரேட்டைக் கொறச்சுக்கலாம்னு ஒரு ஆஃபரும் குடுத்தாரு. புது பேங்க் டிடி அசலுக்கும் அந்த சில நாள் வட்டிக்கும்தான் போட்டுக் குடுக்கும், சார்ஜை நீங்கதான் கட்டணும்னுட்டாங்க. அதைக் கட்டாம கம்பெனி நோ டியூ, அதாவது பாக்கி இல்லைங்கற சர்டிபிகேட், குடுக்காது, நோ டியூ வரலைன்னா பத்திரம் வராது, பத்திரம் வரலைன்னா புது பேங்க் தொங்கல்ல நிக்கும். டீச்சர் ரெண்டு வளையலை அடகு வச்சு பிப்ரவரி 6ந்தேதி பணத்தைக் கட்டினாங்க. எந்த ஆட்சேபமும் எழுத்துல குடுக்கல. குடுக்கலாம்னே தெரியாது.

ஒண்ணு மட்டும் சொல்லணும், பத்திரத்தை 19 நாள்ல பேங்க்ல ஒப்படைச்சுட்டாங்க. 2023 டிசம்பர் 1ல இருந்து, லோன் முடிஞ்சு 30 நாளைக்குள்ள பத்திரம் குடுக்கலைன்னா நாளுக்கு 5,000 ரூபாய்னு ஆர்பிஐ ரூல் வந்திருந்துச்சு. காசு போற இடத்துல வேலை வேகமா நடக்கத்தான் செய்யுது.

கண்ணுல பட்டது எப்படி

2024 ஜூலை மூணாவது வாரம், ரிட்டர்ன் ஃபைல் பண்ண வந்தாங்க. வருஷ நடுவுல லோன் மாறினதால ரெண்டு இடத்துலயும் வட்டி சர்டிபிகேட் வேணும்னு கேட்டேன், டீச்சர் ஒரு ஜிப் போட்ட பிளாஸ்டிக் கவரையே கொண்டு வந்து டேபிள்ல வச்சுட்டாங்க. அதுல 2019 சாங்ஷன் லெட்டர்ல இருந்து மொத்தமும் இருந்துச்சு, பள்ளிக்கூட ரெக்கார்டு மாதிரி தேதி வாரியா. அந்தக் கவர் இல்லைன்னா இந்தக் கேஸே இல்ல.

வட்டிக் கணக்கைத் தேடறப்பதான் அந்த 51,418 கண்ணுல பட்டுச்சு. தனிநபருக்கு ஃப்ளோட்டிங் ஹோம் லோன்ல முன்கூட்டி முடிச்சா சார்ஜ் கிடையாதுங்கறது எனக்குத் தெரியும், அதனால ஃபிக்ஸட் போலன்னு நெனச்சுட்டு அடுத்த பக்கம் திருப்பினேன். ஸ்டேட்மென்ட்ல ரேட் காலத்துல 8.75, 9.30, 9.80, 10.40ன்னு ஓடுது. ஃபிக்ஸட்டா இருந்தா இது எப்படி ஏறும்? ஜூலை 31 ரிட்டர்ன் கெடு நெருக்கடி, ஆபீஸ்ல தலைக்கு மேல வேலை, ஆகஸ்ட் அஞ்சாந்தேதிக்கு மேல வாங்கன்னு அனுப்பிட்டேன்.

ரூல் என்ன சொல்லுது

இதைக் கொஞ்சம் விளக்கமாவே எழுதறேன், ஏன்னா மொத்த சண்டையும் இதுலதான்.

பேங்குகளுக்கு 2012 ஜூன்ல ஆர்பிஐ சொல்லிருச்சு, ஃப்ளோட்டிங் ஹோம் லோனை முன்கூட்டி அடைச்சா அபராதம் வாங்கக்கூடாதுன்னு. ஹவுசிங் ஃபைனான்ஸ் கம்பெனிகளுக்கு அதுக்கு முன்னாடியே 2011 அக்டோபர்ல நேஷனல் ஹவுசிங் பேங்க், அதாவது என்ஹெச்பி, சொல்லிருச்சு. 2019 ஆகஸ்ட்ல இந்தக் கம்பெனிகளை ஒழுங்குபடுத்தற அதிகாரம் ஆர்பிஐ கைக்கு வந்துச்சு, 2021 பிப்ரவரி 17ல ஆர்பிஐ இந்த ரூல் எல்லாத்தையும் ஒண்ணா சேத்து ஒரு மாஸ்டர் டைரக்‌ஷன் போட்டுச்சு. அதுல இவங்களுக்கு உதவற விஷயம் மூணு.

ஃப்ளோட்டிங்ல இருக்கற ஹோம் லோனுக்குப் பணம் எங்கிருந்து வந்தாலும் சார்ஜ் கிடையாது, இன்னொரு பேங்க் கட்டினாலும் சரி. ஃபிக்ஸட்டா இருந்தா மட்டும்தான் சொந்தப் பணமா, வேற பேங்க்ல கடன் வாங்கின பணமாங்கற கேள்வி வரும். சொந்தப் பணம்னா அங்கயும் சார்ஜ் கிடையாது, வேற பேங்க் பணம்னா வாங்கலாம். டூயல் ரேட் லோனுக்கு, முடிக்கற அன்னிக்கு அது எந்த ரேட்ல ஓடுதுங்கறதுதான் கணக்கு, ஃபிக்ஸட் காலம் முடிஞ்சு ஃப்ளோட்டிங்குக்கு மாறிருச்சுன்னா ஃப்ளோட்டிங் ரூல்தான். கடைசியா, பிசினஸ் அல்லாத நோக்கத்துக்குத் தனிநபர் வாங்கின ஃப்ளோட்டிங் லோன்னா, கூட சேர்ந்து கையெழுத்துப் போட்டவங்க இருந்தாலும் இல்லைன்னாலும் சார்ஜ் கூடாது.

இவங்க லோன் ஃப்ளோட்டிங்குக்கு மாறி 17 மாசம் ஆயிருச்சு. கவுண்டர் சிஸ்டத்துல ஆரம்பத்துல போட்ட புராடக்ட் பேரு "ஃபிக்ஸட்"னு அப்படியே நின்னிருக்கு, யாரும் மாத்தல. வேணும்னே பண்ணினாங்களா, கவனிக்காம விட்டாங்களான்னு எனக்குத் தெரியல. ரேட் ஏத்தறப்ப மட்டும் சிஸ்டத்துக்கு ஃப்ளோட்டிங்னு தெரிஞ்சிருக்கு.

எடுத்த முடிவுகள்

முதல் முடிவு, போன்ல பேசறதில்ல, பிராஞ்சுக்கு நேர்ல போறதில்ல. எல்லாம் மெயில். காரணம் வேறொண்ணும் இல்ல, அவரு சத்தம் போட்டு பேசிருவாரு, டீச்சர் அழுதுருவாங்க, ரெண்டுமே ரெக்கார்டுல நிக்காது.

ஆகஸ்ட் 10ந்தேதி பிராஞ்சுக்கும் கம்பெனியில புகார் பாக்கற கிரீவன்ஸ் ஆபீசருக்கும் ஒரே மெயில் போட்டோம். ஒரு பக்கம்தான். கூட நாலு பேப்பர்: 36 மாசத்துக்கு அப்புறம் ஃப்ளோட்டிங்னு இருக்கற சாங்ஷன் லெட்டர் பக்கம், ரேட் மாறினது தெரியற ஸ்டேட்மென்ட், ஃபோர்குளோஷர் லெட்டர், பணம் கட்டின ரசீது. அஞ்சாவதா ஒண்ணு தேடிக் கிடைச்சுச்சு, அதுதான் கேஸோட முதுகெலும்பு. 2022 செப்டம்பர்ல கம்பெனியே அனுப்பின எஸ்எம்எஸ், உங்க லோன் இன்று முதல் ஃப்ளோட்டிங் ரேட்டுக்கு மாற்றப்பட்டதுன்னு. அது டீச்சரோட பழைய போன்ல, ஸ்க்ரீன் உடைஞ்சு பையன் கேம் விளையாடற போன்ல இருந்துச்சு. சார்ஜ் போட்டு ஆன் பண்ணி, தேதி தெரியற மாதிரி இன்னொரு போன்ல போட்டோ எடுத்தோம்.

செப்டம்பர் 2ல பதில். உங்களது ஃபிக்ஸட் ரேட் லோன், சொந்தப் பணத்துல அடைக்கல, அதனால சார்ஜ் சரி. எஸ்எம்எஸ் பத்தி ஒரு வார்த்தை இல்ல. நாங்க மறுபடி, மாஸ்டர் டைரக்‌ஷன்ல டூயல் ரேட் பத்தி வர்ற இடத்தைச் சுட்டிக்காட்டி, முடிச்ச அன்னிக்கு இந்த லோன் எந்த ரேட்ல ஓடுச்சுன்னு மட்டும் சொல்லுங்கன்னு ஒத்தைக் கேள்வி கேட்டோம்.

செப்டம்பர் 17ல வந்த பதில்ல அந்தக் கேள்விக்கு விடையே காணோம், ஆனா வாதம் மாறியிருந்துச்சு. முதல் விண்ணப்பதாரர் சுயதொழில் செய்பவர், அதனால தனிநபர் விலக்கு பொருந்தாதாம். இதைப் படிச்சதும் அவரு மொகம் வாடிப்போச்சு, "நம்ம யூனிட்டாலதான் போச்சுங்களா"ன்னாரு. எனக்கு நேர்மாறா தோணுச்சு. ஃபிக்ஸட்ங்கற வாதம் நிக்காதுன்னு தெரிஞ்சுதான் அடுத்ததுக்குத் தாவறாங்க. ரூல்ல இருக்கறது எதுக்காக வாங்கின லோன்ங்கறது, வாங்கினவரு என்ன வேலை பாக்கறாருங்கறது இல்ல. அயர்ன் பாக்ஸ் வாங்க எடுத்த கடனா இது? வீடு வாங்க எடுத்தது, சாங்ஷன் லெட்டர்ல நோக்கம்ங்கற இடத்துல வீடு வாங்கன்னுதான் இருக்கு.

என் தப்பு

இங்கதான் நான் சறுக்கினேன். கம்பெனி 30 நாள்ல சரியான பதில் தரலைன்னாலோ மறுத்தாலோ புகாரை விசாரிக்கற ஆர்பிஐ அதிகாரி, அதாவது ஓம்பட்ஸ்மேன்கிட்ட போகலாம், அதுக்கு ஆர்பிஐயோட சிஎம்எஸ்னு ஒரு புகார் போர்ட்டல் இருக்குன்னு எனக்குத் தெரியும், பேங்க் கேஸ் ரெண்டு அதுல போட்ட அனுபவமும் உண்டு. அதே கையோட இதையும் அங்க போட்டேன். அதுவும் உடனே இல்ல, ஆயுத பூஜை லீவு, ஆடிட் ரிப்போர்ட் வேலைன்னு அக்டோபர் 14 ஆயிருச்சு. ஒரு வாரத்துல மூடிட்டாங்க. இந்தக் கம்பெனி ஓம்பட்ஸ்மேன் திட்டத்துக்குள்ள வராது.

2021 நவம்பர்ல வந்த ஒருங்கிணைந்த ஓம்பட்ஸ்மேன் திட்டத்துல ஃபைனான்ஸ் கம்பெனிகள் உண்டு, ஆனா ஹவுசிங் ஃபைனான்ஸ் கம்பெனிகளை மட்டும் வெளிய விட்டிருக்காங்க. ரூல் போடறது ஆர்பிஐ, புகார் வாங்கறது என்ஹெச்பி. அதுக்கு கிரிட்ஸ்னு தனி போர்ட்டல். திட்டத்தை ஒரு தடவை படிச்சிருந்தாலே தெரிஞ்சிருக்கும், நான் படிக்கல. அக்டோபர் 28ல கிரிட்ஸ்ல போட்டோம், முன்னாடி போட்ட ரெண்டு மெயிலும் வந்த ரெண்டு பதிலும் சேத்து.

கன்ஸ்யூமர் கோர்ட்டுக்கு நேரா போகலாமான்னும் பேசினோம். ரெண்டு வருஷம் டைம் இருக்கு, 2026 பிப்ரவரி வரைக்கும். ஆனா ஒவ்வொரு வாய்தாவுக்கும் டீச்சர் லீவு போடணும், பிரைவேட் ஸ்கூல்ல லீவுன்னா சம்பளம் புடிப்பாங்க. என்ஹெச்பி பதில் வந்தப்புறம் பாக்கலாம்னு ஒத்திப்போட்டோம்.

விளைவு

என்ஹெச்பி புகாரைக் கம்பெனிக்கு அனுப்பி விளக்கம் கேட்டுச்சு. நவம்பர் நடுவுல கம்பெனியில இருந்து முதல் தடவையா ஒரு போன், பிராஞ்ச்ல இருந்து இல்ல, ஹெட் ஆபீஸ்ல இருந்து. பேசினவங்க மரியாதையா, அந்த எஸ்எம்எஸ் போட்டோ தெளிவா இல்ல, திரும்ப அனுப்ப முடியுமான்னு கேட்டாங்க. மறுபடி அந்த உடைஞ்ச போனைச் சார்ஜ் போட்டோம்.

டிசம்பர் 11ந்தேதி மெயில் வந்துச்சு. தப்புன்னு எங்கயும் சொல்லல, "வாடிக்கையாளர் நலன் கருதி" ஃபோர்குளோஷர் சார்ஜ் 51,418 ரூபாயைத் திருப்பித் தர்றோம்னு எழுதியிருந்தாங்க. 19ந்தேதி அக்கவுண்ட்ல வந்துருச்சு. டீச்சர் அன்னிக்கே அடகுக் கடைக்குப் போய் வளையலை மீட்டுட்டாங்க, பத்து மாச வட்டி கைக்காசு.

ஜிஎஸ்டி 9,255 ரூபாய் 24 காசு வரல. கேட்டதுக்கு, அது அரசாங்கத்துக்குக் கட்டியாச்சு, இப்ப கிரெடிட் நோட், அதாவது போட்ட பில்லைக் கொறச்சுக் காட்டற சீட்டு, போட முடியாதுன்னாங்க. இது வெறும் சாக்கு இல்ல. ஜிஎஸ்டி சட்டம் 34வது பிரிவுப்படி, ஒரு நிதியாண்டுல போட்ட பில்லுக்கு கிரெடிட் நோட் போட்டு வரியைக் கொறச்சுக்க அடுத்து வர்ற நவம்பர் 30 வரைக்கும்தான் டைம். பில் 2024 பிப்ரவரியோடது, கெடு 2024 நவம்பர் 30. கம்பெனி முடிவெடுத்தது அதுக்கு 11 நாள் கழிச்சு. ஆகஸ்ட்லயே மெயில் போயிருச்சு, இழுத்தடிச்சது அவங்க, அதனால நஷ்டத்தை அவங்கதான் ஏத்துக்கணும்னு எழுதிப் பாத்தோம், பதில் அதே நாலு வரி. செப்டம்பர் 17 பதில் வந்த கையோட நான் சரியான இடத்துல போட்டிருந்தா கெடுவுக்குள்ள முடிஞ்சிருக்க நல்ல வாய்ப்பு இருந்துச்சு. கைல பணம் இல்லாம இருந்த பத்து மாசத்துக்கு வட்டியும் கேட்டோம், அதுக்குப் பதிலே இல்ல.

அந்த 9,255க்காக கோர்ட்டுக்குப் போக வேண்டாம்னு அவங்க முடிவு பண்ணிட்டாங்க. நான் போகச் சொன்னேன். டீச்சர், "விடுங்க சார், வளையல் வந்துருச்சு"ன்னாங்க. அதுக்கு மேல நான் வற்புறுத்தல.

இப்ப மாத்திச் செய்யறது

ஃபோர்குளோஷர் லெட்டர் வந்த அன்னிக்கே ஸ்டேட்மென்ட்ல கடைசி ரேட்டைப் பாக்கறோம். சார்ஜ் போட்டிருந்தா பணம் கட்டறதுக்கு முன்னாடி மெயில், கட்டியே ஆகணும்னா ஆட்சேபத்தோட கட்டறேன்னு ஒரு வரி எழுதிட்டுக் கட்டறது. அப்புறம், லோன் குடுத்தது பேங்கா, சாதா ஃபைனான்ஸ் கம்பெனியா, ஹவுசிங் ஃபைனான்ஸ் கம்பெனியான்னு முதல்லயே பாத்து, சிஎம்எஸ்ஸா கிரிட்ஸான்னு ஃபைல் அட்டைலயே எழுதி வச்சுடறேன். பேருல ஹோம்னு இருந்தா மட்டும் பத்தாது, ஆர்பிஐ சைட்ல லிஸ்ட்டைப் பாத்துக்கணும்.

ரூலும் கொஞ்சம் இறுகியிருக்கு. 2025 ஜூலை 2ல ஆர்பிஐ முன்கூட்டி அடைக்கறதுக்கான சார்ஜ் பத்தித் தனியா ஒரு டைரக்‌ஷன் போட்டுருக்கு, 2026 ஜனவரி 1ல இருந்து சாங்ஷன் ஆகற, புதுப்பிக்கற லோன்களுக்கு அது பொருந்தும். டூயல் ரேட்டுக்கு அதே கணக்குதான், அடைக்கற அன்னிக்கு எந்த ரேட்டுங்கறது. லோன் குடுக்கறப்பவே, அதோட முக்கிய விவரத்தைச் சொல்ற கீ ஃபேக்ட் ஸ்டேட்மென்ட்ல சொல்லாத சார்ஜைப் பின்னாடி வாங்கவும் கூடாது.

2025 மார்ச்ல டீச்சர் தன்னோட ஸ்கூல் பி.டி. சாரைக் கூட்டிட்டு வந்தாங்க. வேற கம்பெனி, அதே மாதிரி முதல் ரெண்டு வருஷம் ஃபிக்ஸட், அதே மாதிரி லெட்டர்ல 2 சதவீதம் பிளஸ் ஜிஎஸ்டி. பணம் இன்னும் கட்டல. நாங்க பழைய மெயிலையே தேதியும் தொகையும் மாத்தி அனுப்பினோம். நாலாவது நாள் புது லெட்டர் வந்துச்சு, சார்ஜ் இருந்த இடத்துல சைபர்.